தூக்க வராத ஒட்டுத்துணி

எங்கள் பனியன் கம்பெனியில் மூன்றாவது லைனுக்குப் பக்கத்தில் ஓர் ஒட்டுத்துணி தரையில் கிடக்கிறது. அதைத் தூக்கிப் பார்க்காத ஆள் கம்பெனியில் இல்லை, தூக்கிய ஆள் ஒருத்தரும் இல்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்வோம். வெள்ளிக்கிழமை ஆனால் அதற்குப் பூ வைக்கிறார்கள், பெருக்குகிறவர்கள் அதைச் சுற்றிப் பெருக்குகிறார்கள், டீ கொண்டுவருகிறவர் கேனைத் தூக்கிக்கொண்டு வளைந்து போகிறார், மிஷின் மெக்கானிக் அந்தப் பக்கம் வந்தால் இன்னும் தலையைச் சொறிகிறார். தைத்தது நான். என் பெயர் சுகந்தி. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது வரை படித்தேன், லேபிள் வைக்கிற சிங்கர் மிஷினில் ஐந்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், லைனில் அதிகம் சிரிக்கிறவள் யார் என்று கேட்டால் என்னைத்தான் கை காட்டுவார்கள். இந்தத் துணியை மட்டும் நான் சிரித்துக்கொண்டு தைக்கவில்லை.

நாங்கள் தைப்பது முழுக்கப் பிள்ளைத்துணி. கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற பிள்ளைகளுக்கு, ஒட்டகச்சிவிங்கி போட்டதும் நிலா போட்டதும் வாத்துக் கூட்டம் போகிறதுமாக, மூன்று மாத அளவு, ஆறு மாத அளவு, பன்னிரண்டு மாத அளவு என்று ஆயிரமாயிரமாகத் தைத்துப் பெட்டியில் அடைக்கிறோம். கழுத்து உரசக் கூடாது, பட்டன் தெறிக்கக் கூடாது, லேபிள் குத்தக் கூடாது, குத்தினால் பிள்ளைக்கு நோகும் என்று எங்கள் சூப்பர்வைசர் தண்டபாணி அண்ணன் தினமும் தொண்டை வறளச் சொல்வார். தைக்கிற எங்களுக்கும் பிள்ளைகள் உண்டு என்பது கம்பெனிக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் ஞாபகம் வரும்.

அது துணி வாங்குகிறவர்களின் ஆட்கள் கம்பெனியைச் சோதிக்க வருகிற ஆடிட் நாள். மூன்றாவது லைன் முடிகிற இடத்தில் ஓர் அறை இருக்கிறது. கதவுக்கு மேலே குழந்தைகள் காப்பகம் என்று போர்டு, போர்டின் மூலையில் ஒரு முயல். சட்டப்படி இருக்க வேண்டிய அறை, ஆகவே இருக்கிறது. ஆனால் வருஷம் முழுக்க உள்ளே அட்டைப்பெட்டிகள் கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஆடிட் அன்றைக்கு மட்டும் பெட்டிகள் லாரியில் ஏறி ஊர் சுற்றப் போகும், அறைக்குள் தொட்டில் வரும், பந்து வரும், பொம்மை வரும், தண்டபாணி அண்ணன் லைன் லைனாக வந்து உன் பிள்ளையைக் கூட்டிவா, உன் பிள்ளையைக் கூட்டிவா என்று கேட்பார். இந்தத் தடவை என் மகள் தன்ஷிகாவைக் கேட்டார். அவளுக்குப் பத்து மாதம். தொட்டிலில் போட்டதும் முயலைப் பார்த்துச் சிரித்தாள், யாரோ போட்டோ எடுத்தார்கள், எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்கள், சாயங்காலம் தொட்டில் போய்விட்டது, பெட்டிகள் திரும்பி வந்துவிட்டன.

அடுத்த மாதமே, பகலில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா ஊர் மாறிப் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் எந்த ஊரில் இருக்கிறார் என்று அவருக்கே நிச்சயமில்லை. தண்டபாணி அண்ணனிடம் போய், அந்த அறையில் நாலு பெட்டியை நகர்த்தினால் போதும், பிள்ளை ஓர் ஓரமாக விளையாடிக்கொண்டிருப்பாள் என்று கேட்டேன். அந்த ரூமு பெட்டிக்கு, அம்மிணி, என்றார். ஆபீசில் கேட்கிறேன் என்று தன்ஷிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். அங்கே உட்காரச் சொன்ன இடத்துக்கு எதிரில் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது அந்தப் போட்டோ: தொட்டிலில் என் பிள்ளை, வாயெல்லாம் சிரிப்பு, கீழே எங்கள் குடும்பம் என்று பொன் எழுத்து. அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு ஆபீஸ்காரர் சொன்னார், பிள்ளைகளை வைத்துக்கொள்ள நம் கம்பெனியில் வசதி இல்லையம்மா என்று. சுவரில் இருக்கிற பிள்ளைக்கு இடம் உண்டு, இடுப்பில் இருக்கிற பிள்ளைக்கு இல்லை. போட்டோவில் தன்னையே பார்த்து அவள் கை நீட்டிச் சிரித்தாள். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

செக்கிங் மேஜையில் நிற்கிற ஜமுனாக்காவிடம் சொன்னேன். அவள் மூன்று வயது மகள் ரித்திகாவை வீட்டுக்குள் விட்டு, ஒரு பன்னும் ஒரு பாட்டில் தண்ணீரும் வைத்து, வெளியே பூட்டிவிட்டு வருகிறவள். சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்திருப்பாள். சட்டையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கக் குனியும்போதெல்லாம் அந்தச் சாவி மேஜையில் டக்கென்று தட்டும். ஒரு நாளைக்கு எத்தனை சட்டையோ அத்தனை தட்டு. நான் சொல்லி முடித்ததும் அவள் இன்னொரு சட்டையை எடுத்தாள், சாவி தட்டியது.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் நான் சோற்றைத் திறக்கவில்லை. கட்டிங் மேஜைக்குக் கீழே கிடக்கிற மூட்டையில், ரோல் முடிகிற இடத்தில் மிஞ்சும் துண்டுகளாகப் பார்த்து ஒன்பது எடுத்தேன்: ஒட்டகச்சிவிங்கி, நிலா, வாத்து, மாம்பழ மஞ்சள், கோடு போட்டது, புள்ளி போட்டது, வெறும் வெள்ளை, கிளிப்பச்சை, இன்னொரு நிலா. சாக்கட்டியால் கோடு போட்டு ஒவ்வொன்றையும் ஒரு சாண் சதுரமாக வெட்டினேன். பனியன் துணி சொன்ன பேச்சுக் கேட்காது, இழுத்த பக்கம் நீளும், வெட்டிய ஓரம் சுருண்டுகொள்ளும். அதனால் இழுவை எல்லாத் துண்டிலும் ஒரே பக்கம் இருக்கிறமாதிரி திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று மூன்றாகச் சேர்த்து மூன்று வரிசை தைத்தேன். முதல் வரிசையின் தையல் மடிப்பை இடது பக்கமும், இரண்டாவதை வலது பக்கமும், மூன்றாவதை மறுபடி இடது பக்கமும் சாய்த்துத் தேய்த்தால், வரிசைகளைச் சேர்க்கும்போது மூலையோடு மூலை பூட்டிக்கொள்ளும், மேடு தட்டாது, பிள்ளைக்கு உறுத்தாது. அடியில் வைக்க வீட்டுக்காரரின் பழைய லுங்கியை மறுநாள் கொண்டுவந்தேன். ஊசி இறங்கின ஒவ்வொரு குத்துக்கும் ஆபீஸ்காரருக்கு ஒரு வார்த்தை, முதலாளிக்கு ஒரு வார்த்தை, பொன் எழுத்துக்கு ஒரு வார்த்தை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே தைத்தேன். அந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. கடைசி ஓரத்தை மூடும்போதுதான், ஐந்து வருஷப் பழக்கம், கண் பார்க்காமலேயே கை தானாகப் போய்க் கம்பெனி லேபிள் ஒன்றை எடுத்துத் தையலுக்குள் வைத்துவிட்டது. பிரிக்கப் பார்த்தேன், மணி அடித்துவிட்டது, விட்டுவிட்டேன்.

அதுவரை தெருவில் ஆளாளிடம் மாற்றி மாற்றி விட்டிருந்த தன்ஷிகாவை மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டே வேலைக்கு வந்தேன். கேட்டில் வாட்ச்மேன் இந்தப் பிள்ளை போட்டோவில் இருக்கிற பிள்ளையாச்சே என்று உள்ளே விட்டுவிட்டார். மிஷினுக்குப் பக்கத்தில் துணியை விரித்தேன், பிள்ளையை உட்காரவைத்தேன், நூல் கோத்தேன். தண்டபாணி அண்ணன் வந்தார். துணி கம்பெனித் துணி, பிள்ளை வெளிப் பிள்ளை, இரண்டையும் எடுத்துக்கொண்டு வெளியே போ என்றார். பிள்ளையைத் தூக்கினேன், வந்தாள். துணியைத் தூக்கினேன், வரவில்லை. நடிக்கிறேன் என்று நினைத்து அவரே குனிந்து இழுத்தார், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார், கால் வழுக்கி உட்கார்ந்தார், துணி ஒரு நூல் அளவுகூட அசையவில்லை. கட்டிங்கிலிருந்து நாலு ஆம்பளைகள் வந்தார்கள், மெக்கானிக் ஸ்குரூடிரைவரை ஓரத்தில் விட்டு நெம்பினார், ஸ்குரூடிரைவர் வளைந்தது. கத்திரிக்கோலால் வெட்டலாம் என்றால் கத்திரியின் ஒரு வாய் அடியில் போக வேண்டுமே, அடி என்று ஒன்று இருந்தால்தானே. இதற்குள் பிள்ளைக்குக் கை வலித்ததோ எனக்குக் கை வலித்ததோ, அவளை மறுபடி அதன்மேலேயே உட்காரவைத்தேன். துணியை என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்ததில் பிள்ளையை என்ன செய்வது என்று எல்லோருக்கும் மறந்துவிட்டது.

அப்படி ஐந்து நாள். சாமி சத்தியமாக, அந்த ஐந்து நாளும் நான் நன்றாகச் சிரித்தேன். இரண்டாம் நாள் ஜமுனாக்கா ரித்திகாவைக் கூட்டிவந்தாள், இரண்டு பிள்ளையும் நிலாவை எண்ணி விளையாடின, செக்கிங் மேஜையில் சாவி தட்டவில்லை. துணி தூக்க வராதது ஒரு பெரிய விஷயமாகவே யாருக்கும் படவில்லை. நாலாவது லைன்காரர்கள், எங்கள் பாத்ரூம் கதவும்தான் ஆறு மாசமாகத் திறக்க வராது, அதுக்கு யாரும் கூட்டம் போடலையே என்றார்கள். சனிக்கிழமை, சட்டைக்குக் கை மடித்துத் தைக்கிற பெண் ஒருத்தி, எதற்கும் இருக்கட்டும் என்று, ஓரத்தில் துளி குங்குமம் வைத்தாள். அதோடு போச்சு.

திங்கட்கிழமை முதலாளியம்மா வந்தார். துணியைச் சுற்றி வந்தார், குங்குமத்தைப் பார்த்தார், குனிந்து ஒரு விரலால் நெம்பிப் பார்த்தார், கண்ணை மூடினார், அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று சொன்னார். சாயங்காலத்துக்குள் சுற்றிலும் எவர்சில்வர் கம்பி போட்டார்கள், விளக்கு வந்தது, மணி வந்தது, வெள்ளிக்கிழமை பூசை வந்தது, பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் வந்து கும்பிட்டுப் பொங்கல் வாங்கிப் போனார்கள். முதலாளிக்கும் சந்தோஷம், அறையைக் கேட்டவளைப் பற்றி இனி யாரும் பேச மாட்டார்கள், அம்மனைப் பற்றித்தான் பேசுவார்கள். முதல் வேலையாகப் பிள்ளைகள் இரண்டையும் தூக்கி என் கையில் கொடுத்தார் முதலாளியம்மா. கோபமாகக்கூடப் பேசவில்லை.

"அம்மன் மேல புள்ளைங்க ஒண்ணுக்குப் போயிரும் கண்ணு. பாவமில்லையா?"

நான் என் பிள்ளைக்குத் தைத்தது. என் பிள்ளை ஒண்ணுக்குப் போனால் உறிஞ்சட்டும் என்றுதான் அடியில் லுங்கி வைத்துத் தைத்தது. அதைச் சொல்ல வாய் திறந்தேன், சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நாள் லீவு போட்டேன். மூன்றாம் நாள் வரவில்லை என்றால் வரவே வேண்டாம் என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்கு நான் செய்ததை நினைத்தால் இப்போதும் என் கையைப் பார்க்க எனக்கே பிடிக்காது. தன்ஷிகாவை ஜமுனாக்கா வீட்டில் ரித்திகாவோடு விட்டேன், ஜமுனாக்கா பூட்டினாள், நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். அன்று முழுக்கச் சாவி தட்டியதெல்லாம் என் மண்டைக்குள் தட்டியது. சாயங்காலம் திறந்தபோது என் பிள்ளையின் நெற்றி கொழுக்கட்டை அளவு வீங்கியிருந்தது. ரித்திகா பன்னைப் பிய்த்து அவள் வாயில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா கட்டல்ல இருந்து உளுந்துருச்சு. நான் கதவைத் தட்டித் தட்டிச் சத்தம் போட்டேன்மா. யாருமே வரல."

மறுநாள் நேராக முதலாளி அறைக்குப் போனேன். செருப்பைக்கூட வெளியே விடவில்லை. துணி என்னுடையது, கம்பியை எடுங்கள், இல்லாவிட்டால் அறையைத் திறங்கள் என்றேன். அவர் நிதானமாகச் சொன்னார், அதில் கம்பெனி லேபிள் இருக்கிறது, கம்பெனி லேபிள் இருந்தால் கம்பெனிச் சொத்து என்று. ஐந்து வருஷமாக லேபிள் வைக்கிறவளிடம் லேபிளைப் பற்றிப் பேசினார்.

"அந்த லேபிள்ல அளவு என்னன்னு பாத்தீங்களா, சார்? பன்னெண்டு மாசம். பன்னெண்டு மாசப் புள்ளைக்குன்னு உங்க கம்பெனிதான் எழுதியிருக்குது. அம்மனுக்குன்னு எழுதல."

அவர் பக்கத்தில் நின்ற தண்டபாணி அண்ணனைப் பார்த்தார், தண்டபாணி அண்ணன் சுவரைப் பார்த்தார். வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டார்கள். வேலையைத்தான் பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் மூட்டையிலிருந்து இன்னும் ஒன்பது துண்டு எடுத்தேன். ஜமுனாக்காவும் ஒன்பது எடுத்தாள். கை மட்டுமே வைக்கத் தெரிந்தவள், கழுத்துப் பட்டி மட்டுமே அடிக்கத் தெரிந்தவள், பட்டன் மட்டுமே வைக்கத் தெரிந்தவள் என்று பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள்; ஒரு சட்டையை ஒருத்தியே முழுக்கத் தைத்துப் பழக்கமில்லாத நாங்கள், இழுவை ஒரே பக்கம், மடிப்பு மாறி மாறி, மூலையோடு மூலை என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொண்டு முழுக்கத் தைத்தோம். அவரவர் வார்த்தையை அவரவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்கள். நல்ல வார்த்தையாகத்தான் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு ஒன்பது துண்டுக் கட்டத்தையும் தரையில் வைத்து, முன்னால் கிடந்ததன் ஓரத்தில் ஊசியைச் சாய்த்துக் கைத்தையல் போட்டதும், அதுவும் தூக்க வராமல் போனது. தூக்கத்தான் முடியாது, ஊசி போகத் தடையில்லை. முதலாளியம்மா பார்த்தார், அம்மனுக்குப் பாவாடை தைக்கிறீர்களா என்று கேட்டார். ஆமாங்க, அம்மனுக்கு நீளப் பாவாடை என்றேன். மனசார ஆசீர்வாதம் பண்ணினார்.

கம்பிக்கு அடியில் நுழைந்து, நடைபாதையில் ஏறி, பாதையின் அகலத்துக்கு இரண்டு கட்டம், இரண்டு கட்டமாக, நிலாவும் வாத்தும் ஒட்டகச்சிவிங்கியுமாகப் பாவாடை வளர்ந்தது. ஒன்பதாம் நாள் முயல் போர்டு போட்ட கதவின் வாசலைத் தொட்டது. அன்று மாலை கப்பலுக்குப் போக வேண்டிய பெட்டிகளை எடுக்க ஆட்கள் தள்ளுவண்டியோடு வந்தார்கள். வந்தவர்கள் பாதையைப் பார்த்து நின்றுவிட்டார்கள். அம்மன் மேல் வண்டிச் சக்கரம் ஏறலாமா? செருப்புக் கால் வைக்கலாமா? செருப்பைக் கழற்றினாலும் பெட்டியைச் சுமந்துகொண்டு அம்மனை மிதித்து நடக்கலாமா? தண்டபாணி அண்ணன் ஒரு காலைத் தூக்கினார். எல்லோரும் பார்த்தார்கள். அந்தக் காலைப் பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டார்.

முதலாளி ஓடி வந்தார். பிளேடை எடுத்துக் கீறுங்கடா என்றார். முதலாளியம்மா குறுக்கே நின்றார். அம்மன் மேல் பிளேடு வைத்தால் நான் என் அப்பன் வீட்டுக்குப் போகிறேன் என்றார். முதலாளி என்னிடம் திரும்பி, அதை வரச் சொல்லு என்றார், ஏதோ நான் சொன்னால் துணி கேட்கும் என்பதுபோல. நான் குனிந்து, எல்லோரும் பார்க்க, பல்லைக் கடித்து இழுத்துக் காட்டினேன். நடிக்கவில்லை. என் பிள்ளையின் நெற்றி அப்போது இன்னும் நீலமாக இருந்தது. பூமியே சேர்ந்து வந்தாலும் அந்தத் துணி வந்திருக்காது.

கடைசியில் வெளிப்பக்கம் ஏணி போட்டு, அறையின் பின் ஜன்னலைப் பெயர்த்து, பெட்டி பெட்டியாக வெளியே இறக்கினார்கள். பொழுது சாயும்வரை இறக்கினார்கள். இறக்க இறக்க அறை தெரிந்தது: மஞ்சள் சுவர், நாலு மின்விசிறி, தாழ்வாக ஒரு குழாய், பிள்ளைகள் கை எட்டுகிற உயரத்தில். அந்தக் குழாயைப் பார்த்ததும் ஜமுனாக்கா அழுதாள். அத்தனை வருஷமாக அது அங்கேயே இருந்திருக்கிறது.

பெட்டி இல்லாத அறை, பெட்டியைத் திரும்பக் கொண்டுபோக வழி இல்லாத அறை. ஜன்னல் வழியாகத் தினமும் ஏற்றி இறக்க முடியாது என்று கணக்குப் போட்டுப் பார்த்து, பெட்டிகளுக்கு வெளியே தகரக் கொட்டகை போட்டுவிட்டார்கள். அம்மன் மேல் யார்தான் நடக்கலாம் என்று முதலாளியம்மாவிடம் கேட்டேன். அவர் யோசித்து, பிள்ளைகள் கால் பட்டால் தோஷமில்லை, பிள்ளையைத் தூக்கிவருகிற தாய் வெறுங்காலோடு வந்தால் தோஷமில்லை என்றார். கம்பியை எடுத்தார்கள், மறுநாளே பிள்ளைகள் அறைக்குள் போனார்கள். தன்ஷிகா முதன்முதலாக நடந்தது அந்தப் பாதையில்தான்: மாம்பழ மஞ்சளில் ஒரு கால், வாத்தில் ஒரு கால், நிலாவில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

போன ஆடியில் ஒரு காலை நேரம், லைன் ஆரம்பிக்கும் முன்னால், என் துணியின் ஓரத்தில் பிஸ்கட் தூள் கிடந்தது. துடைக்கக் குனிந்தேன். மூலை கையோடு வந்தது. காற்றில் எழும்பின துணிபோல, ஒன்பது துண்டு, ஒரு லுங்கி, அவ்வளவுதான் கனம். அடியில் தரை வெளுப்பாக இருந்தது. சட்டென்று கீழே வைத்து மேலே காலை வைத்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் ஜமுனாக்கா தன் கட்டத்தின் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு காலும் அதன் மூலைமேல் அழுத்தி இருந்தது. எத்தனை நாளாக என்று நான் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. பட்டன் வைக்கிறவளும் பட்டி அடிக்கிறவளும் கூட அவரவர் மூலையைக் கடக்கும்போது கொஞ்சம் அழுத்தித்தான் மிதிக்கிறார்கள் என்று அப்புறம் கவனித்தேன்.

ஆபீஸ் சுவரில் அந்தப் போட்டோ இன்னும் இருக்கிறது, பொன் எழுத்தோடு. கப்பலுக்குப் போகிற பெட்டி கூடும்போதெல்லாம், தகரக் கொட்டகை போதவில்லை என்று பேச்சு வரும்போதெல்லாம், தண்டபாணி அண்ணன் மூன்றாவது லைன் பக்கம் வந்து, துணியைப் பார்க்காதவர்போல மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கேட்பார்.

"ஏ சுகந்தி, அது இன்னும் கனமாத்தான் இருக்குதா?"

நான் வாய் திறப்பதற்குள் செக்கிங் மேஜையிலிருந்து, கையில் இருக்கிற சட்டையை விட்டுத் தலை நிமிராமல், ஜமுனாக்கா சொல்வாள்.

"போன மாசத்துக்கு இந்த மாசம் கூடித்தான் இருக்குதுங்கண்ணா."